ஐயூஐயா, ஐவிஎஃப்பா, இக்ஸியா? தடை எங்கே என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்திலிருந்து என் சித்தி மகள் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் வீட்டுக்காரர். கல்யாணமாகி மூன்று வருஷம். அவளுக்கு 31 வயது, அவருக்கு 35. ஒருமுறை ஐயூஐ, அதாவது விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் விடுவது, செய்து பலிக்கவில்லை. "இனிமே நேரா இக்ஸிதான்னு சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு லட்சம் ஆகுமாம். நகையை வைக்கலாமான்னு யோசிக்கிறோம்" என்றாள். திருச்சியில் கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். முட்டையும் விந்தணுவும் சேருவதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பதினோரு வருஷமாக என் தொழில். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

ஃபைலைப் புரட்டினேன். ஸ்கேன் இருந்தது, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை இருந்தது, தைராய்டு இருந்தது. விந்துப் பரிசோதனை ஒரே ஒருமுறை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே எங்கேயும் இல்லை. குழாயைப் பார்க்காமலே ஐயூஐ செய்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இரண்டு குழாயும் அடைத்திருந்தால், ஐயூஐ எத்தனை முறை செய்தாலும் பலன் கிடையாது. அது பலிக்கவில்லை என்பதை வைத்து "உங்களுக்கு ஐயூஐ சரிவராது" என்றும் சொல்ல முடியாது.

ஐயூஐ, முட்டையை எடுத்து உடலுக்கு வெளியே கருவாக்கும் ஐவிஎஃப், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் இக்ஸி. நிறைய பேர் இந்த மூன்று முறைகளையும் ஒரே ஏணியின் மூன்று படிகளாக நினைக்கிறார்கள். மேல் படிக்குப் போகப் போகக் குழந்தை நிச்சயம், காசுதான் கூட ஆகும் என்று ஒரு எண்ணம். உண்மையில் ஒவ்வொரு முறையும் வழியில் உள்ள வேறு வேறு தடையைத் தாண்டுவதற்கென்று வந்தது. நம் வழியில் எந்தத் தடை என்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டுக் கணக்குதான்.

அதனால் இயல்பாக என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 28 நாள் சுழற்சி என்றால் ஏறக்குறைய 14ஆம் நாள் சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வரும். அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, முட்டை வருவதற்கு முந்தைய நான்கைந்து நாள்தான் முக்கியமான நாட்கள். வந்த பிறகு ஓடிப் பிடிக்க நேரம் போதாது. கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களைக் கருப்பைவாயின் சளி வடிகட்டிவிடும். முட்டை காத்திருக்கும் குழாயின் அகன்ற பகுதிக்கு வந்து சேருவது சில நூறுதான். அதுவும் வந்த உடனே துளைத்துவிட முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகுதான் விந்தணுவுக்கு அந்தத் தகுதியே வருகிறது. முட்டையைச் சுற்றி மேகம் போல ஒரு செல் கூட்டம், அதற்குள் கண்ணாடி மாதிரி ஓர் உறை. ஒரு விந்தணு அதைத் தாண்டி உள்ளே போனதும், முட்டை தன் உறையை மாற்றி இறுக்கிக்கொள்ளும். அடுத்தது உள்ளே வர முடியாது. அப்புறம் உருவான கரு மூன்று, நான்கு நாள் குழாய்க்குள்ளேயே பிரிந்து பெருகி, ஐந்தாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் வந்து, ஓரிரு நாளில் சுவரில் ஒட்டும்.

இந்த வழியில் வரக்கூடிய தடைகள் இவை: முட்டை வெளியே வராதது, விந்தணு போதுமான அளவு போய்ச் சேராதது, குழாய் அடைப்பு, துளைக்க முடியாமை, கருவின் குரோமோசோம் கோளாறு, கருப்பை ஏற்காமை. இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. சில தம்பதிகளுக்கு எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாது. அதுவும் ஒரு விடைதான், அதற்கும் வழி இருக்கிறது.

முட்டையே சரியாக வெளியே வராதவர்கள், அதாவது நீர்க்கட்டி என்று எல்லாரும் சொல்லும் பிசிஓஎஸ் உள்ளவர்கள், முதல் நாளே ஊசிக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் போக வேண்டியதில்லை. லெட்ரோசோல் மாத்திரை மாதவிலக்கின் ஆரம்ப நாட்களில் ஐந்து நாள், கூடவே ஸ்கேன். 2014இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். பழைய குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். குழாயும் விந்தணுவும் நன்றாக இருந்தால் சில சுற்று இதிலேயே முயற்சி செய்வது நியாயம். உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வர ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது ஐயூஐ. விந்தைக் கழுவி, நன்றாக நீந்துகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்து, முட்டை வரும் நேரத்தில் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுகிறோம். ஐந்து நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். இது தாண்டுவது கருப்பைவாய் என்ற ஒரே தடையை. பாதித் தூரம் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற மாதிரி. அங்கிருந்து குழாய்க்கு நீந்துவதும் முட்டையைத் துளைப்பதும் விந்தணுவின் பாடு. ஆகவே ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். கழுவிய பிறகு நீந்தும் விந்தணு 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அதற்குக் கீழே போகப் போக வாய்ப்பு சரிகிறது.

"ஐயூஐ எல்லாம் வேஸ்ட்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நியூசிலாந்தில் காரணம் பிடிபடாத, தானாகக் கருத்தரிக்கும் வாய்ப்பும் குறைவு என்று கணிக்கப்பட்ட 201 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வந்தது. மாத்திரையும் ஐயூஐயும் சேர்த்து மூன்று சுற்று போனவர்களில் 31 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. சும்மா காத்திருந்தவர்களில் 9 சதவீதம். நெதர்லாந்தில் 602 தம்பதிகளை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நேரடியானது. பெண்ணின் வயது 38 வரை, காரணம் பிடிபடாதவர்கள் அல்லது விந்தணுவில் லேசான குறை உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு ஆறு சுற்று ஐயூஐ, இன்னொரு பிரிவுக்கு ஒரு கருவை மட்டும் வைக்கும் ஐவிஎஃப் மூன்று சுற்று. ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் ஐயூஐயில் 47 சதவீதம், ஐவிஎஃப்பில் 52 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். செலவு வித்தியாசமோ நமக்கெல்லாம் தெரிந்தது: ஐயூஐ ஒரு சுற்று ஆயிரங்களில் முடியும், ஐவிஎஃப் லட்சத்தைத் தாண்டும்.

ஆனால் ஒரே சுற்றில் பலிக்காவிட்டால் ஐயூஐ தோற்றுவிட்டது என்று ஆகாது. உடம்பில் குறையே இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான். மூன்று, நான்கு சுற்றாவது பார்க்க வேண்டும். அதேபோல எட்டு, பத்து என்று இழுத்துக்கொண்டே போவதும் தப்பு. அதற்குள் வயது ஓடிவிடும்.

ஐவிஎஃப் வந்ததே குழாய் அடைப்புக்காகத்தான். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்குக் கருக்குழாய்கள் அடைத்திருந்தன. பாட்ரிக் ஸ்டெப்டோ, ராபர்ட் எட்வர்ட்ஸ், ஜீன் பர்டி மூவரும் முட்டையை எடுத்து வெளியே கருவாக்கி, குழாயைத் தொடாமல் நேரே கருப்பையில் வைத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 3ஆம் தேதியே கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற குழந்தை பிறந்தாள். அந்தத் தாய்க்கும் குழாயில்தான் கோளாறு. உறைய வைத்த கருவைக் கொண்டு அவர் அதைச் சாதித்தார். அவர் சொன்னதை அன்றைய அரசுக் குழு நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது நிஜம் என்று நாடு ஒப்புக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆய்வகத்தில் உறைந்த கருவை நைட்ரஜன் டேங்கிலிருந்து எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இரண்டு குழாயும் அடைத்திருந்தால் ஐயூஐயில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், நேரே ஐவிஎஃப். நம் நாட்டில் காசநோய் கருக்குழாயைத் தாக்கி அடைப்பது இன்னும் சாதாரணமாகக் காணப்படுகிறது. முன்பு டிபிக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குழாய் அடைத்து நீர் கோத்து வீங்கியிருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் இறங்கிக் கரு ஒட்டுவதைக் கெடுக்கும்; முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கருவை வைக்க வேண்டும்.

ஐவிஎஃப்பின் பாதை நீளம். பத்து, பன்னிரண்டு நாள் தினசரி ஊசி, நடுவில் ஸ்கேன், கடைசியில் முட்டையை முதிரவைக்கும் டிரிகர் ஊசி. அது போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில், முட்டை தானாக வெடித்து வெளியேறுவதற்குள், மயக்கம் கொடுத்து ஊசி வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். பத்து முட்டை கிடைத்தால் பத்துக் குழந்தைக்கான வாய்ப்பு என்று குடும்பமே சந்தோஷப்படும். பத்தில் எட்டு முதிர்ந்திருக்கும். அதில் ஐந்தோ ஆறோ கருவாகும். ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடிப்பது இரண்டு, மூன்று. தோராயக் கணக்குதான் இது, ஆளுக்கு ஆள் மாறும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், தினமும் எண்ணிக்கை குறைவதைப் போனில் கேட்டு அந்தப் பெண் உடைந்துபோகிறாள்.

சரி, இக்ஸிக்கு வருவோம். இங்கேதான் அதிகக் குழப்பம். முட்டையை எடுப்பது, கருவை வளர்ப்பது, உள்ளே வைப்பது எல்லாம் ஐவிஎஃப் மாதிரியேதான். வித்தியாசம் முட்டை எடுத்த அன்று பிற்பகல் ஆய்வகத்தில் மட்டும். சாதாரண ஐவிஎஃப்பில் முட்டைகளைக் கிண்ணத்தில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் விந்தணுவைச் சேர்த்து, இன்குபேட்டரில் 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவோம். எந்த விந்தணு என்பதை அவை தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும்.

இக்ஸியில் அதை நான் தேர்ந்தெடுக்கிறேன். முட்டையைச் சுற்றிய செல்களை நொதி போட்டு நீக்கிவிட்டால், திரையில் அது முழு நிலா மாதிரி தெரியும். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இடது பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் அதை மெல்ல உறிஞ்சிப் பிடித்திருக்கும். கடிகார முகத்தில் 12 இருக்கும் இடத்தில் அதன் சிறு துருவ உறுப்பு, அதாவது முட்டை முதிரும்போது ஒதுக்கிவிட்ட சிறு துணுக்கு, வருமாறு உருட்டி வைப்பேன். குரோமோசோம்கள் அதன் பக்கத்தில்தான் இருக்கும், ஊசி அதில் படக் கூடாது. நல்ல விந்தணு ஒன்றின் வாலை ஊசியால் அழுத்தி நிறுத்தி, வால் பக்கமாக உறிஞ்சி, 3 மணி பக்கத்திலிருந்து உள்ளே நுழைவேன். முட்டையின் சவ்வு சட்டென்று கிழியாது, ரப்பர் மாதிரி ஊசியோடு உள்வாங்கும். லேசாக உறிஞ்சினால் ஒரு கணத்தில் விட்டுக்கொடுக்கும். விந்தணுவை அங்கே வைத்துவிட்டு ஊசியைப் பின்னால் இழுப்பேன். மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்துக்குள், முட்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் தெரிந்தால் கருவாகிவிட்டது. ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. அந்த இரண்டு வட்டத்தை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை.

இந்த முறையை பிரஸ்ஸல்ஸில் உருவாக்கி 1992இல் வெளியிட்டார்கள். துளைக்க முடியாத விந்தணுவுக்காக, மிகக் குறைந்த எண்ணிக்கைக்காக வந்தது. விந்தில் அணுவே வராத ஆணுக்கும் விதையிலிருந்து ஊசியிலோ சிறு அறுவையிலோ எடுத்து இதைச் செய்யலாம். அவர்களுக்கு இது பெரிய வரம். முன்பெல்லாம் அவர்களுக்குத் தானம் அல்லது தத்து என்ற இரண்டு வழிதான். ஒன்று மட்டும்: எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதற்கு ஒய் குரோமோசோமில் சிறு பகுதி விடுபட்டிருப்பது காரணமென்றால், பிறக்கும் மகனுக்கும் அது போகும். அந்த மரபணுச் சோதனையை முன்னாலேயே செய்துகொள்வது நல்லது. முந்தைய ஐவிஎஃப்பில் ஒரு முட்டைகூடக் கருவாகவில்லை என்றாலும் இக்ஸி சரியான தேர்வு.

விந்தணு நன்றாக இருக்கும்போது இக்ஸி செய்தால் கூடுதல் பலனா? வியட்நாமின் ஹோசிமின் நகரில் விந்தணு எண்ணிக்கையும் வேகமும் இயல்பாக உள்ள 1064 தம்பதிகளிடம் இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். குழந்தை பிறந்தது இக்ஸியில் 35 சதவீதம், ஐவிஎஃப்பில் 31 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான் என்று புள்ளியியல் சொன்னது. ஆகவே "எல்லாருக்கும் இக்ஸி" என்று எங்கேயாவது சொன்னால், "எனக்கு ஏன்?" என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

என் தங்கைக்கு அந்த மையத்தில் சொன்ன காரணம் "மார்ஃபாலஜி 4 சதவீதம்தான்". அதாவது சரியான வடிவில் உள்ள விந்தணு நூற்றில் நாலுதான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் மூன்று மாதமாகத் தலை குனிந்து நடக்கிறாராம். நூற்றில் 96 கோணல் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் வடிவத்துக்கான கீழ் எல்லையே 4 சதவீதம்தான். எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசைவு 42 சதவீதம். அவருக்கு எண்ணிக்கை 3 கோடி, அசைவு 50. எல்லாம் இயல்பு. இதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒரு விந்தணு உருவாகிட இரண்டரை மாதம் ஆகும். இடையில் நல்ல காய்ச்சல் ஒன்று வந்திருந்தால்கூட எண்ணிக்கை சரிந்து காட்டும். அதனால் குறை தெரிந்தால் சில வாரம் விட்டு இன்னொரு முறை பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. ஆனாலும் பெண்ணுக்கு எல்லா டெஸ்டும் முடிந்து கடைசியில்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். விந்துப் பரிசோதனை இருப்பதிலேயே எளிது, மலிவு. அதுதான் முதலில் நடக்க வேண்டும்.

இவை எதுவும் தாண்ட முடியாத தடை ஒன்று உண்டு. பெண்ணின் வயது. அவள் தன் அம்மா வயிற்றில் இருந்தபோதே அத்தனை முட்டைகளும் உருவாகி, பாதிப் பிரிவில் நின்றுவிடுகின்றன. 38 வயதில் வெளிவரும் முட்டை 38 வருஷமாகக் காத்திருந்த முட்டை. வயது ஏற ஏறக் குரோமோசோம்களைக் கட்டிப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்ந்து, கருவில் எண்ணிக்கை பிசகுகிறது. இக்ஸி ஊசியால் இதைச் சரிசெய்ய முடியாது. பிரிட்டனின் கணக்குப்படி ஒரு கரு வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே மூன்றில் ஒன்று, 43ஐத் தாண்டினால் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் 35க்குக் கீழே ஒரு வருஷம் முயன்ற பிறகு சோதனைக்குப் போகலாம், 35ஐத் தாண்டினால் ஆறு மாதத்தில், 40 என்றால் உடனே. "குருப்பெயர்ச்சி கழியட்டும்" என்று மாமியார் சொன்னால், 29 வயதுப் பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் ஒன்றும் கெடுக்காது. 39 வயதில் அப்படிக் காத்திருக்கச் சொன்னால் நான் தடுப்பேன்.

ஐவிஎஃப் என்றே முடிவானால் இன்னும் இரண்டு தேர்வுகள் வரும். கருவை உடனே வைப்பதா, உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பதா? பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு உறைய வைப்பதே மேல். ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து அதில் நன்றாகக் குறைகிறது. மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றா இரண்டா என்றால், முடிந்தவரை ஒன்று. "ஒரே செலவில் ரெட்டைப் பிள்ளை" என்று ஆசைப்படுகிறவர்கள், குறைமாதத்தில் பிறந்த இரட்டையரை இன்குபேட்டர் வார்டில் ஒருமுறை பார்த்தால் மனசு மாறும்.

கூடுதல் பில்லில் வரும் "எக்ஸ்ட்ரா" விஷயங்களையும் கேளுங்கள். கருப்பைச் சுவரைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று பல வருஷம் எல்லா இடத்திலும் செய்தார்கள். 2019இல் பெரிய ஆய்வு வந்தது: சுரண்டியவர்களுக்கும் 26.1 சதவீதம், சுரண்டாதவர்களுக்கும் 26.1 சதவீதம். எந்த மையத்துக்குப் போனாலும் கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று பாருங்கள். பதிவிலும் இரண்டு நிலை உண்டு. முதல் நிலை மையம் ஐயூஐ மட்டும்தான் செய்யலாம். அந்தச் சட்டம் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் வைத்திருக்கிறது.

அன்று மாலை நாங்கள் ஃபைலின் பின்னட்டையில் எழுதி வைத்தது இதுதான். முதலில் ஹெச்எஸ்ஜி. இரண்டு குழாயும் அடைப்பு என்றால் ஐவிஎஃப், இக்ஸி வேண்டாம். ஒன்றாவது திறந்திருந்தால் மாத்திரையோடு மூன்று ஐயூஐ, அதற்கு மேல் இல்லை. அப்புறமும் தங்காவிட்டால் ஐவிஎஃப். நகை அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து எக்ஸ்ரே படத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். வலது பக்கம் மருந்து குழாய் முழுக்க ஓடி, நுனியில் சிந்தி நின்றது. இடது பக்கம் வாயிலேயே நின்றுவிட்டது. பயத்தில் குழாய் இறுகினாலும் அப்படித் தெரியும். "அக்கா, ஒண்ணு தொறந்திருக்குல்ல?" என்று கேட்டிருந்தாள். "தொறந்திருக்குடி" என்று பதில் போட்டேன். வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஒன்பதாம் நாள் ஸ்கேன்.